விலையில்லாப் படத்தின் விலை



திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். தமிழகத்துக்கு வெளியே இவ்வாறு பிழைப்பு நடத்தும் நமக்குத் தமிழ்ப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரோடு நம்மைப் பிணைக்கும் கயிறுகளில் அதுவும் ஒன்று. அந்தக் கயிற்றை நாமே அறுத்து வருகிறோமோ என்பதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

சாலைக்கு அதிகத் தொலைவில்லாத திரையரங்கு ஒன்றில், 2024 ஜூலை மாதம், 'ராயன்' படத்தைக் கைபேசியில் பதிவு செய்ததாகத் தமிழகத்து இளைஞர் ஒருவர் பிடிபட்டார். 'குருவாயூர் அம்பலநடையில்' என்ற மலையாளப் படம் இணையத்தில் களவாக வெளியானது குறித்து விசாரித்து வந்த கொச்சி இணையக் குற்றப் பிரிவுப் போலீசார் அவரைக் கைது செய்தனர். இத்தகைய களவைத் துலக்க ஒரு வழி உண்டு. திரையரங்குகளுக்கு அனுப்பப்படும் டிஜிட்டல் படத்தில் கண்ணுக்குப் புலப்படாத குறியீடு பொதிந்திருக்கும். களவுப் பிரதியை ஆராய்ந்தால், எந்த அரங்கில் எந்த வேளையில் அது பதிவாயிற்று என்பது தெரிந்துவிடும்.

சட்டமும் கடுமையானதுதான். 2023-இல் திருத்தப்பெற்ற சினிமாச் சட்டத்தின்படி, குற்றவாளிக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை போகலாம். ஒரு தளத்தை முடக்கினால் அதுவே வேறு பெயரில் முளைக்கிறது. ஆகவே, அவ்வாறு முளைக்கும் தளங்களையும் உடனுக்குடன் முடக்குவதற்கு 2019-இல் டில்லி உயர்நீதிமன்றம் வழி வகுத்தது. இந்தத் தொல்லை நம் நாட்டோடு நிற்பதன்று. தொலைக்காட்சி ஒளிபரப்புகளைக் களவாடி இணையத்தில் விற்று வந்த பெரியதொரு கும்பலை 2024 நவம்பரில் இத்தாலியப் போலீசார் கலைத்தனர். அதற்கு உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் இருந்தனராம்!

நட்டம் எவ்வளவு? 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் இத்தகைய களவின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்று தொழில் துறையினரின் அறிக்கையொன்று கணக்கிட்டது. அதில் 13,700 கோடி திரையரங்குப் படங்களைச் சார்ந்தது. இது மதிப்பீடுதான். இலவசமாகப் பார்த்தவர் எல்லாரும் காசு கொடுத்துப் பார்த்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், மதிப்பீடு தேவைப்படாத நட்டம் ஒன்று உண்டு, அது நம்முடையது.

வெளிமாநிலத்தில் தமிழ்ப்படத்துக்குக் கிடைக்கும் அரங்குகள் சிலவே, காட்சிகளும் சிலவே. முதல் மூன்று நாட்களின் வசூலைப் பார்த்துத்தான் அரங்கினர் அடுத்த வாரத்தைத் தீர்மானிக்கின்றனர். வெள்ளிக்கிழமை வெளியான படம் சனிக்கிழமை நம் கைபேசிக்கு வந்து, அதை நாம் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நாற்காலிகள் காலியாகும். திங்களன்று அவ்விடத்தில் வேறு மொழிப் படம் ஓடும். அடுத்த தமிழ்ப்படத்தை வாங்கும் விநியோகஸ்தர் தயங்குவார். சென்னையில் நூறு பேர் வராவிட்டால் ஒரு காட்சி குறையும். நம் ஊரில் நூறு பேர் வராவிட்டால் படமே வராது.

டிக்கெட்டின் விலை அதிகம், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு சந்தா கட்ட வேண்டியிருக்கிறது என்ற குறைகளைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. அவற்றைத் தொழில் துறையினர் நீக்கத்தான் வேண்டும். ஆனால் சாலைத் தெருவின் வணிகரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதிர்ச் சாரியில் ஒருவன் திருட்டுச் சரக்கைக் கொட்டி அள்ளிக் கொடுத்தால், முதல் போட்டவர் எத்தனை நாள் கடை திறந்திருப்பார்? சரக்கு விலை அதிகம் என்பது திருடனுக்கு நியாயமாகுமா? விடை அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

அரங்கில் பதிவு செய்பவனைப் போலீசார் பிடிக்கலாம். நம் வீட்டுக் கூடத்தில் கைமாறும் படத்தைப் பிடிக்க எந்தப் போலீசும் வராது. அங்கே காவல் நம்முடைய மனச்சாட்சி ஒன்றுதான். அடுத்த முறை உறவினரோ நண்பரோ அத்தகைய படத்தை அனுப்பினால், அதை மேலும் ஒருவருக்கு அனுப்பாமல் நிறுத்துவோம். நம் ஊர் அரங்கில் தமிழ் ஒலிப்பதற்கு நாம் செய்யக்கூடிய எளிய தொண்டு அதுவே.