அவலாஞ்சி ஓடையில் ஒரு நாள்



எனக்குத் தூண்டில் போடத் தெரியும் என்ற எண்ணம் நெடுங்காலமாக என்னிடம் இருந்து வந்தது. சிறு வயதில் பள்ளி விடுமுறைக்குத் தாமிரபரணிக் கரைக்குச் செல்லும்போதெல்லாம் மண்புழுவைக் கோத்துக் கெண்டை பிடித்திருக்கிறேன். மும்பையில் உத்தியோகத்தில் அமர்ந்த பிறகு, நண்பர் ஒருவரின் விருந்தாளியாகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பவாய் ஏரிக்குப் போனதும் உண்டு. 1891ஆம் ஆண்டில் நகரத்தின் குடிநீருக்கென்று அணைகட்டி உண்டாக்கிய ஏரி அது. குடிப்பதற்கு அந்நீர் ஏற்றதாக அமையவில்லை; தூண்டிற்காரர்களுக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. மாவு உருண்டையை முள்ளில் பொருத்தி, தக்கையை மிதக்கவிட்டுக் குடையின் கீழ் அமர்ந்துவிட்டால், கட்லாவோ ரோகுவோ வந்து இழுக்கும், அல்லது இழுக்காது. இரண்டிலும் நம் வேலை ஒன்றுதான், உட்கார்ந்திருப்பது.

இந்த அனுபவத்தை நம்பித்தான் 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் உதகைக்குச் சென்றிருந்தபோது, என் மனைவியின் பெரியப்பா டிரவுட் பிடிக்க அழைத்ததும் சரி என்று கிளம்பினேன். அவர் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்துறை அலுவலகத்தில் முந்திய நாளே அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்.

டிரவுட்டுக்குத் தமிழில் பெயர் இல்லை. மொழிபெயர்ப்பே பிழைப்பாக உள்ளவன் ஆதலால், ஜீப்பில் போகும்போது நான் இரண்டு மூன்று சொற்களை ஆக்கிச் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா சிரித்துவிட்டார். “மீனே வெளியூர் மீன், மாப்பிள்ளை. பெயர் மட்டும் உள்ளூர்ப் பெயராக எப்படி இருக்கும்?” என்றார்.

அவர் சொன்னது மெய்தான். இந்தியாவின் மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்ற சென்னைப் படை மருத்துவர், 1860களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. குளிர்ந்த நீருக்கு வெளியே தங்காத முட்டைகளை வெப்பக் கடல்களைத் தாண்டிக் கொண்டுவருவது எளிய காரியமா? சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை அரசாங்கத்தில் மீன்வளர்ப்பு அலுவலராயிருந்த வில்சன் என்பவர் இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வானவில் டிரவுட்டின் முட்டைகளைத் தருவித்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் ஏற்பட்டது. பசிபிக் கடலில் கலக்கும் வட அமெரிக்க ஆறுகள் அந்த மீனின் பிறந்தகம். அங்கிருந்து புறப்பட்டு, நாடு நாடாகக் கைமாறி, நம் குந்தா மலைகளில் வந்து குடியேறியிருக்கிறது.

உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சி சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தேயிலை முடிந்து சோலைக்காடும் புல்மேடும் மாறி மாறி வந்தன. நாங்கள் இறங்கிய ஓடை பத்தடி அகலம் இருக்கும். முழங்கால் ஆழத்தில் கிடந்த கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிந்தது. அதில் கை வைத்தேன், விரல் மரத்தது. ‘இவ்வளவு தெளிந்த நீரில் மீன் இருந்தால் எனக்குத் தெரியாதா?’ என்று எண்ணினேன். மீனுக்கும் நான் தெரிவேன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அங்கே மாவு உருண்டைக்கு வேலையில்லை. இறகையும் நூலையும் சுற்றி ஈயைப் போலக் கட்டிய பொய் இரைதான் கருவி. அதை நீரின்மேல், ஈ தானாக விழுந்ததுபோல் விழச் செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் வீசினேன். கரைப் புதர் இரண்டு ஈக்களை எடுத்துக்கொண்டது. என் சட்டைக் கை ஒன்றை எடுத்துக்கொண்டது. ஓடை ஒன்றுமே கொடுக்கவில்லை.

“கோலைக் கீழே வையுங்கள், மாப்பிள்ளை. அரைமணி நேரம் ஓடையைப் பாருங்கள்” என்றார் பெரியப்பா.

புல்லில் அமர்ந்தோம். சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: “உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா?”

இருக்கிறது என்றேன். மேலே எப்படிச் சொல்வதென்று விளங்கவில்லை. நான் தூண்டில் போட்ட அதே பவாய் ஏரியும் விகார் ஏரியும் நிரம்பி வழிகிற நீர்தான் மித்தி ஆறு. அது தாராவியின் ஓரமாகச் சென்று மாகிம் கழியில் கடலோடு சேர்கிறது. தாராவி ஒரு காலத்தில் கோலி மீனவர்களின் ஊர். கோலிவாடா என்ற பகுதி இன்றும் அங்கே உண்டு. நம் மக்கள் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியதும் அந்த ஊரில்தான். ஆனால் நாங்கள் யாரும் அதை ஆறென்று சொன்னதில்லை. நாலா என்போம், சாக்கடை என்று பொருள். ரயில் அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மும்பையில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டி, அது கரைமீறி வீடுகளுக்குள் வந்தபோதுதான், அதற்கு ஆறென்று பெயர் உண்டு என்பதைப் பலர் அறிந்தார்கள். டிரவுட்டுக்கு வேண்டிய குளிர்ச்சியை மும்பையில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆயினும் அது கேட்கும் மற்றொன்று, மூச்சுவிடத் தகுந்த நீர், எந்த மீனும் கேட்பதுதான். இவற்றில் பாதியைத்தான் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஓடையைக் காட்டினார்.

பாறையின் இருபுறமும் பிரிந்து வந்த நீர் கீழே மறுபடி சேருமிடத்தில் ஒரு நுரைக்கோடு. அதன்மேல் சிறு பூச்சி ஒன்று மிதந்து வந்தது. ஒரு வளையம் தோன்றி மறைந்தது, பூச்சியைக் காணோம். மீண்டும் ஒரு வளையம். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து ஒரே இடத்தில் நிற்கிறது. உணவை நீரே கொண்டுவந்து தருகிறது. மேற்பக்கம் நின்று வீசிய நானோ, மூன்று மணி நேரமும் அதன் கண்ணெதிரே நின்றிருக்கிறேன்! என் நிழல் வேறு மடுவின்மேல் விழுந்திருக்கிறது.

கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து, மண்டியிட்டு, மேல்நோக்கி வீசினேன். நாலாவது வீச்சில் நரம்பு விறைத்தது. பவாயின் கட்லா பாரமாக இழுக்கும். இது துள்ளி நீருக்கு வெளியே வந்து தலையை உதறியது. என் கை நடுங்கியதைச் சொல்ல வெட்கமில்லை.

“கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். வறண்ட கை பட்டால் அதன் மேற்பசை போய்விடும்” என்றார் பெரியப்பா. ஒரு சாண் நீளந்தான். விலாவில் ரோஜா நிறப் பட்டை, மேலெல்லாம் கரும்புள்ளிகள். முதல் மீனை விட்டுவிடுவது அவர் வழக்கமாம். ஓட்டத்துக்கு எதிர்முகமாக அதை நீருக்குள் பிடித்திருந்தேன். செவுள் இரண்டு மூன்று முறை அசைந்தது; பிறகு கை வெறுமையாயிற்று.

அடுத்த மீன் கிடைக்கும் என்றுதான் இருவரும் நினைத்தோம். இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கி மடு மறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா ஆறு பேருக்கு மசாலா அரைத்து வைத்திருந்தார். யார் சொல்வதென்று பெரியப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசலிலேயே சிறிது நேரம் நின்றோம்.