வயதும் சம்மதமும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து தை பிறந்ததும் ஊர்தோறும் மேளம் ஒலிக்கிறது. மகிழ்ச்சியே. ஆயினும், முகூர்த்தம் குறிக்குமுன் மணமக்களுக்கு வயது நிரம்பியதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

"பெற்றவர்கள் சம்மதித்தால் போதாதா?" என்று சிலர் நம்மிடம் வினவுகின்றனர். முன்னாளில் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பெண்ணின் வயதை 15 என வகுத்து, 18 நிரம்பாதவளுக்குக் காப்பாளர் சம்மதம் வேண்டும் என்றது. 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வயது உயர்த்தப்பட்டது. காப்பாளர் சம்மதம் பற்றிய பிரிவும் நீக்கப்பட்டது. ஆகவே, வயதுக் குறையை எவர் சம்மதமும் ஈடுசெய்யாது. வயது நிரம்பிய பின்னரோ, மணமக்களின் சம்மதமே முதன்மையானது.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, மணத்தை நடத்தி வைப்போருக்கும் உடன்பட்ட பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெண்களுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு.

தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைக் கூறவில்லை. பால் பிடித்த கதிரை எந்த உழவரும் அறுப்பதில்லை. உடல் முதிருமுன் வரும் பிள்ளைப்பேறு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பெண்ணின் படிப்பும் பாதியில் நிற்கும்.

உறுப்பினர்களே! தாம்பூலம் வாங்குமுன் பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ கேட்டுப் பாருங்கள். வயது குறைந்திருப்பின் பெற்றோரிடம் பரிவுடன் எடுத்துரையுங்கள். அவர்கள் இணங்காவிடில், மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ 1098 என்ற தொலைபேசி எண்ணுக்கோ தெரிவியுங்கள். நம் ஊர்ப் பெண்மக்களைக் காப்பது நம் கடமையன்றோ!