சுற்றாடல் கல்வியில் வேலை: எங்கே தொடங்குவது?

(எமது மாதாந்தச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் ஒரு தம்பி கேட்டார். "அக்கா, ஊரில நான் விவசாயம் படிப்பிச்சனான். இஞ்ச பெட்டி அடுக்கிறன். அந்தப் படிப்பு இனி உதவாதோ?" உதவும் தம்பி. ஆனால் கொஞ்சம் சுத்திப் போகவேணும்.

மெல்பேணில் இருக்கிறவர்கள் ஒருக்கா கிழக்கு பிரன்சுவிக்கில் உள்ள செரீஸ் என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கோ. மெரி ஓடைக் கரையில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம். முதலில் கல் உடைத்த இடம், பிறகு குப்பை கொட்டிய இடம். 1982 இல் அந்த ஊர்ச் சனங்கள் அதைத் திருத்தி மரம் நடத் தொடங்கினார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே வந்து தண்ணீர், கழிவு, சூரிய சக்தி பற்றிப் படிக்கிறார்கள். இப்படியான இடங்களில் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று விளங்கப்படுத்தும் வேலைக்கு எப்போதும் ஆசிரியர் பதிவு கேட்பதில்லை. சிட்னியில் ரைட் பக்கம் உள்ள ஃபீல்ட் ஒஃப் மார்ஸ் நிலையம் வேறு மாதிரி. அது அரச கல்வித் திணைக்களத்துக்குரியது. அங்கே ஆசிரியராக வேலை செய்யப் பதிவு வேணும்.

நான் தொடங்கினது ஓர் ஓடைக்கரைத் தொண்டர் குழுவில். முதல் நாளே கங்காருப் புல்லைக் களை எண்டு நினைச்சுப் பிடுங்கிப் போட்டன்! இந்த மண்ணின் செடி கொடிகளை நாங்கள் புதிதாகத்தான் படிக்கவேணும். அதோடு, வேலைக்கு மனுப் போடும்போது உங்களைப் பற்றிச் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் தேவை. இரண்டும் அங்கேதான் கிடைத்தது. சிட்னியில் பல நகரசபைகள் புஷ்கெயார் என்ற பெயரில் இப்படிக் குழுக்கள் நடத்துகின்றன.

ஆனால் போக முதல் உங்கள் விசாக் கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. 8101 என்று இருந்தால் வேலை செய்யக் கூடாது. 8207 என்று இருந்தால் படிக்கவோ பயிற்சி எடுக்கவோ கூடாது. தொண்டு வேலைதானே எண்டு நினைச்சு, அதற்குப் பதிலாகச் சாப்பாடு, தங்க இடம் வாங்கினாலும் சிக்கல் வரலாம். லோயரிடம் கேட்காமல் ஒன்றும் தொடங்காதேங்கோ. வழக்கு முக்கியம், மரம் பிறகு.

பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டையும் எடுக்கவேணும். தொண்டர்களுக்கு இலவசம். அதே தொண்டர் அட்டையை வைத்துச் சம்பள வேலை செய்யக் கூடாது. காசு கட்டி மாற்றவேணும். சிட்னியில் எடுத்த அட்டை மெல்பேணில் செல்லாது.

படிக்க அனுமதி உள்ளவர்கள், டேஃப் கல்லூரிகளில் இயற்கைப் பாதுகாப்பு பற்றிய மூன்றாம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பைப் பற்றி விசாரியுங்கோ. தஞ்சம் கோரியவர்களுக்குக் கட்டணச் சலுகை கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஆளுக்கு ஆள் மாறும். முழுக் காசு கட்ட முதல் எங்களோடு கதையுங்கோ.

ஒண்டை மறைக்காமல் சொல்லவேணும். இந்தத் துறையில் முழுநேர வேலை குறைவு. கிழமையில் இரண்டு நாள், பள்ளி விடுமுறையில் அதுவும் இல்லை. நானும் மூன்று வருசம் இரவில் துப்பரவு வேலை செய்துகொண்டுதான் இதைச் செய்தனான். ஆகவே தம்பி, பெட்டி அடுக்கிற வேலையை இப்ப விட்டிடாதேங்கோ. அடுத்த சந்திப்புக்கு வரேக்க விசாக் கடிதத்தையும், ஊர்ச் சான்றிதழ் கையில் இருந்தால் அதையும் கொண்டு வாங்கோ. இருந்து பாப்பம்.