மரபு எப்போது நம் பக்கம் இருந்தது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் குமாஸ்தா. கவிதை எழுதுபவன். சட்டம் படித்தவனில்லை. ஆனாலும் கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். காரணம், ஒரு ஜோடித் தோடு.

கூலிவேலை செய்யும் நம்ம சேரிப் பெண் ஒருவர் அதை அடகு வைக்க வந்தார். கடன் எதற்கு என்று படிவத்தில் எழுத வேண்டும். கேட்டேன். "மூணு பிள்ளைங்க இருக்கு, நாலாவது வேணாம் சார். பெரியாஸ்பத்திரில குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாத்தான் கலைப்போம்னுட்டாங்க. அதான் தனியார்ல பாத்துக்கலாம்னு" என்றார். 'மருத்துவம்' என்று எழுதிக்கொண்டேன். 1971-லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் போட்ட நாடு இது. சட்டம் இருந்தும் தோடு போனது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1973-ல் ரோ எதிர் வேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றது, அந்தரங்க உரிமை என்கிற பேரில். அதாவது, அரசு உன் கதவைத் திறந்து பார்க்காது. சரி, கதவுக்கு உள்ளே ஒன்றுமே இல்லாதவள் என்ன செய்வாள்? 1976-ல் ஹைட் திருத்தம் வந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் கிடையாது. 1980-ல் ஹாரிஸ் எதிர் மக்ரே வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று நீதிமன்றம் அதை ஏற்றது. அவள் வறுமையை அரசு உண்டாக்கவில்லையாம், அதனால் நீக்கும் கடமையும் இல்லையாம். அடிமையின் கொள்ளுப்பேரனான நீதிபதி தர்குட் மார்ஷல் மறுத்து எழுதினார்.

அந்தரங்கம் போதாது, சமத்துவத்தைப் பேசுங்கள் என்று ரூத் பேடர் கின்ஸ்பர்க் நெடுங்காலம் சொல்லிவந்தார். சுமக்கக் கட்டாயப்படுத்தினால் படிப்பும் வேலையும் போவது பெண்ணுக்குத்தான். உடம்பைக் காட்டி ஒரு கூட்டத்தையே கீழே வைப்பது நமக்குப் புதுசா?

ஆனால் 1974-லேயே கெடுல்டிக் வழக்கில் நீதிமன்றம் ஒன்று சொல்லியிருந்தது. காப்பீட்டிலிருந்து கர்ப்பத்தை விலக்குவது பாலினப் பாகுபாடு அல்ல, கர்ப்பிணிகள், கர்ப்பிணி அல்லாதவர்கள் என்ற பிரிவுதான் என்று. 'கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுங்கறது சாதிக்கில்ல, சேரியில குடியிருக்கிறவங்களுக்குத்தான்'னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் தீர்ப்பு ரோவை ரத்து செய்தது. சமத்துவ வாதத்தை அதே கெடுல்டிக்கைக் காட்டி ஒதுக்கியது. இந்த உரிமை நாட்டின் மரபில் ஆழ வேரூன்றியதா என்று கேட்டது. 14-வது சட்டத்திருத்தம் வந்த 1868-ல் பெரும்பாலான மாநிலங்களில் கருக்கலைப்பு குற்றம் என்றது. அந்த 1868-ல் பெண்ணுக்கு ஓட்டு இல்லை. அரசியலமைப்பு அவள் ஓட்டை ஏற்றது 1920-ல். விடுதலையான அடிமைகளுக்காக, மரபை உடைக்க வந்த திருத்தம் அது. அதை வைத்தே மரபைக் காப்பாத்துறாங்க.

மரபு எப்போது நம் பக்கம் இருந்தது? 1927-ல் மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிய அம்பேத்கர், மரபிடம் அனுமதி கேட்கவில்லை.

அதே 2022 செப்டம்பர் 29-ல் நம் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வார விதியிலிருந்து மணமாகாத பெண்ணை ஒதுக்குவது அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு எதிரானது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் இங்கே கருக்கலைப்பு இன்னும் குற்றச் சட்டத்துக்கு ஒரு விதிவிலக்குதான். மருத்துவர் கருத்துச் சொன்னால்தான் நடக்கும். அது உரிமையில்லை, சலுகை. இரண்டுக்கும் வித்தியாசம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேண்டாமென்றால் கலைக்கவும், வேண்டுமென்றால் பெறவும், அதற்கு விலையாகக் கருப்பையைக் கொடுக்காதிருக்கவும் முடிவதுதான் சமத்துவம். 1994-ல் சிகாகோவில் கறுப்பினப் பெண்கள் கூடி 'இனப்பெருக்க நீதி' என்று பேர் வைத்ததும் இதற்குத்தான்.

ஆண் தோழர்களே, முதலில் சாதி, பெண் பிரச்சினை அப்புறம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கெடுல்டிக் தீர்ப்பைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கவுன்ட்டரில் அன்று நானும் 'மருத்துவம்' என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைத்தான் கூப்பிட்டேன்.