பிள்ளை பெற்றவள் நர்ஸ் படிப்புப் படிக்கக் கூடாதா?

(சிதம்பரத்தில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பெண்கள் படிக்க வேண்டுமென்று எனக்கு முன் பேசியவர் வெகு அழகாகச் சொன்னார். கலியாணமாகாத பெண் படிப்பதைப் பற்றி இப்போது அநேகமாய் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிற்கிறவள், "நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன்" என்று சொல்லட்டும். அப்போது தெரியும் நம்முடைய யோக்கியதை! மாமியார் அழுவாள், புருஷன் முறைப்பான், அண்டை வீட்டார் "ஐயோ, பச்சைப் பிள்ளைகள் கதி என்ன?" என்பார்கள்.

நான் கேட்கிறேன்: இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் போலீஸ் பயிற்சிக்குப் போனால் இப்படி எவராவது கேட்கிறார்களா? மாலை போட்டல்லவா பஸ் ஏற்றுகிறார்கள்! பிள்ளை தாய்க்கு மாத்திரந்தானா பிறந்தது? பால் கொடுப்பது ஒன்று நீங்கலாகத் தகப்பனால் ஆகாத காரியம் எது?

நிற்க, இது வீட்டார் புத்தி மாத்திரமல்ல. சர்க்கார் புத்தியும் இதுவாகத்தான் இருந்தது. இராணுவ நர்ஸாயிருந்த செலினா ஜான் என்ற அம்மையாரைக் கலியாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக 1988ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1977ல் போட்ட அந்த விதியை 1995ல் எடுத்தும்விட்டார்கள். ஆனால் அந்த அம்மையாருக்கு நியாயம் கிடைத்தது எப்போது? 2024 பிப்ரவரியில்! சுப்ரீம் கோர்ட்டு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. இடையில் போன 36 வருஷத்தை யார் கொடுப்பது?

நம் ஊர் சங்கதிக்கு வருவோம். அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி இருக்கிறது; பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. பல்கலைக் கழகத்தையும் 2013ல் சர்க்கார் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. ஆகையால் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. டிப்ளமோ என்றால் 3 வருஷம், பட்டம் என்றால் 4 வருஷம். புத்தகப் படிப்போடு வார்டு வேலையும் உண்டு. கடலூரிலிருந்து வருகிறவளுக்குச் சுமார் 45 கிலோமீட்டர். விடுதியில்தான் தங்க வேண்டும் என்றால் பிள்ளைக்காரி என்ன செய்வாள்?

50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 2017ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய் தினம் நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். ஆனால் அது சம்பளக்காரிக்கு. அதே வார்டில் அதே நோயாளியைக் கவனிக்கும் மாணவி அந்தக் கணக்கில் இல்லை. மாணவிகளுக்கும் பிரசவ லீவுக்கு விதி செய்யுங்களென்று பல்கலைக் கழக மானியக் குழு 2021 டிசம்பரில் கடிதம் எழுதியது. கடிதத்தைக் காட்டினால் பிள்ளை தூங்கிவிடுமா?

தாய்மார்தான் நல்ல நர்ஸ் ஆவார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதுவும் ஒரு புரட்டே! சேவை, தியாகம் என்று பூச்சூட்டிக் கூலியைக் குறைக்கிற தந்திரம். அவள் கேட்பது ஒரு உத்தியோகம், கையில் சொந்தக் காசு.

ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் மாணவிகளின் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும், தாய்மாருக்கு விடுதிக் கட்டாயம் கூடாது என்று மனு எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். புருஷர்கள் முதலில் வரட்டும்.