முத்திரையும் பொருளும்



பத்தாண்டு நிறைவையொட்டி நம் வட்டத்திற்கென ஒரு சின்னம் வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்து, வரைவு ஒன்றையும் உறுப்பினர் பார்வைக்கு அனுப்பியுள்ளது. தாமரை, அதன்மேல் எழுத்தாணி, பின்னே எழுஞாயிறு. வரைந்த கை தேர்ந்த கை. என்னைத் தயங்க வைத்தது உடன்வந்த விளக்கத் தாள்தான். தாமரை தூய்மையாம், எழுத்தாணி புலமையாம், ஞாயிறு வளர்ச்சியாம்.

பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர் நோக்கிப் பேருந்தில் செல்லும்போது ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளைக் காண்கிறேன். அங்கும் ஞாயிறு எழுகிறது, தாமரை மலர்கிறது, ஒரு மனித உருவம் இரு கைகளையும் வான்நோக்கி விரிக்கிறது. ஒரு நிறுவனத்தின் சின்னத்தை மற்றொன்றின் பலகையில் மாட்டிவிட்டாலும் எவரும் வேறுபாடு உணரார். நம் வரைவும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுமோ என்பதே என் அச்சம்.

அதே சாலை கொண்டு சேர்க்கும் அடையாற்றில், ஆறு கடலொடு கலக்குமிடத்தின் தென்கரையில், பிரம்மஞான சபை இருக்கிறது. பிளாவட்ஸ்கி அம்மையார், ஆல்காட் முதலியோர் 1875இல் நியூயார்க்கில் நிறுவிய அச்சபை, 1882இல் தன் தலைமையிடத்தை இங்கு அமைத்தது. மனிதனுள் மறைந்துகிடக்கும் ஆற்றல்களை ஆராய்தல் அதன் மூன்று நோக்கங்களுள் ஒன்று. இன்று பயிற்சிக் கட்டணத்திற்கு விற்கப்படும் பொருளுக்கு அது மூத்த உறவு எனலாம்!

அதன் முத்திரையை நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒரு வட்டம். அதனுள் ஒன்றையொன்று ஊடுருவிய இரு முக்கோணங்கள். நடுவே எகிப்தியரின் உயிர்க்குறி, தலையில் வளையம் பூண்ட சிலுவை. பாம்பின் தலையருகே சிறு வட்டத்துள் சுவத்திகம். அனைத்திற்கும் மேல் ஓங்காரம். சுற்றிலும், உண்மையினும் உயர்ந்த சமயம் இல்லை என்னும் கொள்கைமொழி. பாம்பு முடிவிலாக் காலம் என்றும், முக்கோணங்கள் ஆன்மாவும் சடப்பொருளும் பிணைந்த நிலை என்றும் சபையார் உரைப்பர். நம் ஊர்ப் பாட்டியிடம் காட்டினால் அறுகோணத்தைக் கண்டதும் முருகா என்பார். யூதர் தம் விண்மீன் என்பர். எவரைப் பிழை என்போம்?

சுவத்திகத்தின் கதை இன்னும் கடுமையானது. சமணத்தில் ஏழாம் தீர்த்தங்கரரான சுபார்சுவரின் இலாஞ்சனை அது; நம் இல்லங்களில் மங்கலக் குறி. சபையின் முத்திரையில் அது இடம்பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1920இல் ஜெர்மனியின் நாஜிக் கட்சி அதைத் தன் கொடியில் பொறித்தது. அக்கட்சியின் ஆட்சியே 1937இல் அந்நாட்டுப் பிரம்மஞான அமைப்புகளைத் தடைசெய்தது. ஒரே குறியைத் தாங்கியவர்களுள் ஒருவர் மற்றவரை ஒடுக்கினர். இன்று ஐரோப்பியர் ஒருவர் அம்முத்திரையைக் கண்டால் முதலில் திடுக்கிடுவார். விளக்கம் பிறகுதான் செவியில் ஏறும். பொருளை எழுதிவைத்தவர்க்குப் பொருள்மேல் உரிமை நிலைக்கவில்லை.

வேடிக்கை என்னவெனில், அடையாறு என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது அம்முத்திரை அன்று, அங்குள்ள ஆலமரமே. 1989இல் வீசிய சூறைக்காற்றில் அதன் அடிமரம் சாய்ந்தது. விழுதுகளில் மரம் நிற்கிறது. அதை எவரும் சின்னமாக வரைந்தளிக்கவில்லை.

கவிஞர்களாகிய உங்களுக்கு உள்ளுறை உவமத்தை நான் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் வகுப்பறையில் நான் விரும்பி நிற்கும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெய்வம் நீங்கலான கருப்பொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் என்கிறார் தொல்காப்பியர். தெய்வத்தை ஏன் விலக்கினார்? உரையாசிரியர் எப்படியும் கூறட்டும். பொருள் முன்னரே முடிந்துவிட்ட ஒன்றில் கேட்போன் கண்டெடுக்க என்ன இருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. மருதத்தில் எருமை பொய்கையில் இறங்கித் தாமரையை மிதிக்கிறது. தலைவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; ஆனால் தோழி சொன்னது அவனுக்குச் சுடுகிறது. அங்கே தாமரை தூய்மை அன்று, காயம். வரைவு தந்த குழுவினர் என்னைப் பொறுத்தருள்க: கடற்கரையில் கூடும் வட்டம் நாம்; மருதத்து மலரை இரவல் வாங்குவானேன்?

இங்கே மணலில் அடும்பு படர்கிறது. மான்குளம்புபோல் பிளந்த இலை, ஊதாநிறப் பூ, கணுதோறும் வேரூன்றி, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும் கொடி. நெய்தற் புலவர் பலர் அதைக் கண்டு பாடியுள்ளனர். நாமோ அதை மிதித்துக்கொண்டுதான் கூட்டத்திற்கு வருகிறோம். என் பரிந்துரை அதுவே. பொருள் என்ன என்று கேட்பீர்களாயின் நான் கூறமாட்டேன்.

பெரும்பான்மையோர் தாமரையையே விரும்பினால் எனக்குத் தடையில்லை. பொதுக்குழுவில் வரைவை வைக்கும் நாளில் மட்டும் விளக்கத் தாளைச் செயலாளர் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டுகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் கண்டதை ஒரு வரியில் எழுதித் தரட்டும். அவ்வரிகளைப் படித்தபின் வாக்கெடுப்புக்குச் செல்வோம்.