சோற்றுக்குச் சான்று



அரசின் உதவி ஏழைக் குடும்பங்களில் என்ன செய்கிறது என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். ரேஷன் கடையிலிருந்து தொடங்குகிறேன். நம் மக்கள் அரசாங்கத்தை மாதந்தவறாமல் முகத்துக்கு நேரே பார்ப்பது அங்கேதான்.

1997இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைதாரர்களை இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அதற்கு இணங்கவில்லை. அரிசி அட்டை இருந்தால் அரிசி உண்டு என்ற பழைய வழக்கமே நீடித்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து காசே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும், அதன் கணக்கில் வராத குடும்பங்களுக்கான செலவை மாநிலமே சுமந்தது.

‘கார் வைத்திருப்பவனுக்கும் எதற்கு அரிசி?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வசதி வந்த பலர் தாமாகவே அரிசி இல்லாத சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொண்டார்கள். வரிசையும் அரிசியின் வாடையுமே அவர்களை விலக்கிவிட்டன, தாசில்தாருக்கு அதில் வேலையே இல்லை. அரிசி கடத்தல் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. அதைக் கிடங்கிலும் லாரியிலும் பிடிக்க வேண்டும், கிழவியின் அட்டையில் தேடக்கூடாது.

அந்த அரிசி வீட்டுக்குள் போனதும் நடப்பதைப் பாருங்கள். சில வீடுகளில் அதை மாவுக்கு ஊறப்போட்டுவிட்டு, சோற்றுக்குக் கடையரிசி வாங்குகிறார்கள். இதைக் கேலி பேசுவோர் உண்டு. இட்லிக்கு ஆகும் செலவு மிச்சமானால் அது பையனின் பஸ் காசாகிறது, மாத்திரையாகிறது. இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலையில்லாத மாதங்களில் பானையில் அரிசி இருக்கும் கூலிக்காரர், முன்பணத்துக்காகப் பண்ணையார் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கூலியைப் பேசி வாங்கும் தைரியம் அங்கிருந்து வருகிறது.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை வேறு வழியில் போனது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்கில் விழுகிறது. கணவன் கையைப் பார்க்காத பணம். இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதற்கு வாசற்படிகள் உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். மழை பெய்தால் வேலை நின்றுபோகும் சித்தாளிடம் ஆண்டு வருமானம் கேட்டால் எதைச் சொல்வார்? அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் 3,600 யாருடைய கணக்கு?

முதியோர் உதவித்தொகையில் இந்தத் தகுதிக் கேள்வி இன்னும் கொடுமை. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023இல் 1,200 ஆனது. கேட்கப்படுவது ‘ஆதரவற்றவர்’ என்ற தகுதி. மகன் இருந்தும் சோறு போடாத தாய், ‘என் மகன் என்னைப் பார்ப்பதில்லை’ என்று ஊர் அறியச் சொல்ல வேண்டும். பல தாய்மார்கள் சொல்ல மாட்டார்கள். மகன் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பட்டினி கிடப்பார்கள்.

அரிசிக்கு 1997இல் எடுத்த முடிவை முதியோர் உதவித்தொகைக்கும் எடுக்கலாம். வயதுக்கு ஒரு சான்று போதும், மகனைப் பற்றிய கேள்வியை விண்ணப்பத்திலிருந்தே நீக்கிவிடலாம். வேறு ஓய்வூதியம் வாங்குவோர் பட்டியல் அரசின் கையிலேயே இருக்கிறது, அதைக் கொண்டு அவர்களை மட்டும் விலக்கினால் போதும்.